பார்சல் தூக்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: முதுகு போகாமல் லோடு ஏற்றி இறக்க

வேனிலும் பைக்கிலும் டெலிவரிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு லோடு ஏற்றி இறக்கப் பழக்குவது என் வேலை. ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. அதனால் முதல் நான்கு பதில்களையாவது வரிசையாகப் படித்துவிடுங்கள்.

அண்ணா, ஒரு ஆள் எத்தனை கிலோ வரைக்கும் தூக்கலாம்?

இத்தனை கிலோ என்று ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. அமெரிக்க அரசின் தொழிலாளர் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், பாரம் தூக்குவதற்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதில் ஆரம்ப எண் 23 கிலோ. அதுவும் எல்லாம் வாகாக அமைந்தால்தான். பெட்டி உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது தொங்கவிட்ட கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். பிடி நன்றாக அமைய வேண்டும். உடம்பைத் திருப்பக் கூடாது, அடுத்தடுத்துத் தூக்கிக்கொண்டே இருக்கக் கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் 23 இறங்கத் தொடங்கும்.

பிரிட்டனில் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு, உயரவாரியாக எண்கள் தந்திருக்கிறது. இடுப்பு உயரத்தில் உடம்போடு அணைத்துப் பிடித்தால் ஆண்களுக்கு 25 கிலோ, பெண்களுக்கு 16 கிலோ. அதே பெட்டி தரையில் காலருகே கிடந்தால் 10 கிலோ, 7 கிலோ. தோளுக்கு மேல் கையை நீட்டி வைப்பதாக இருந்தால் 5 கிலோ, 3 கிலோ. இவை சட்டம் போட்ட உச்ச வரம்புகள் அல்ல. இதைத் தாண்டினால் நின்று யோசித்துவிட்டுச் செய் என்று காட்டும் கோடுகள். எண்களை மறந்தாலும், இடுப்பு உயரத்தில் 25 ஆக இருந்தது தரைக்குப் போனதும் 10 ஆகிவிட்டதை மறக்காதீர்கள்.

பெரிய பெட்டியெல்லாம் தூக்கும்போது ஒண்ணும் ஆகல. சின்னப் பெட்டி ஒண்ணை எடுக்கும்போது இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அது எப்படி?

ஒரு வாளித் தண்ணீரை வயிற்றோடு அணைத்துப் பிடித்துப் பாருங்கள். பிறகு அதே வாளியைக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அதேதான், ஆனால் இரண்டாவது முறை கொஞ்ச நேரத்தில் கை நடுங்கும். முதுகுக்கும் இதே கதிதான். பாரம் முதுகெலும்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அந்த அளவுக்கு இடுப்புத் தசைகள் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுவை முழுவதும் கீழ் முதுகின் வட்டுகள் மேல், அதாவது முதுகெலும்பு மணிகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பவற்றின் மேல், அழுத்தமாக இறங்குகிறது.

நியோஷ் கணக்கிலேயே போட்டுப் பார்ப்போம். கணுக்காலிலிருந்து கை 25 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் 23 கிலோ சரி. 50 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் அது 11.5 கிலோ ஆகிறது. அதோடு பெட்டி தரையிலும் கிடந்தால் ஏறக்குறைய 9 கிலோ. அதை மேசை உயரத்துக்குத் தூக்கி, காலை நகர்த்தாமல் உடம்பை மட்டும் பக்கவாட்டில் முழுதாகத் திருப்பினால் ஐந்தரை கிலோவுக்கு வந்து நிற்கிறது. வேனின் மூலையில் தள்ளிக் கிடக்கும் சின்னப் பெட்டியை எட்டி எடுத்துத் திரும்பும்போது நீங்கள் செய்வது இதைத்தான். பெரிய பெட்டி என்றால் எல்லாரும் உஷாராக நின்று தூக்குகிறோம். சின்னதை யாரும் மதிப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. இடுப்பு பிடித்த அந்தப் பெட்டி மட்டும் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. காலையிலிருந்து சேர்ந்த அயர்ச்சி அந்த நேரத்தில் வெளிப்பட்டிருக்கலாம்.

முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்துன்னு எல்லாரும் சொல்றாங்க. அது போதும்தானே?

நல்ல பழக்கம்தான், ஆனால் அது மட்டும் போதாது. பெட்டி இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே அடங்குகிற அளவில் இருந்தால் காலை மடக்கித் தூக்குவது முதுகுக்கு நல்லது. அகலமான பெட்டியாக இருந்தால் மடக்கிய முழங்கால்களே பெட்டியை முன்னால் தள்ளிவிடும். அப்போது, மேலே சொன்ன கணக்குப்படி, முதுகு நிமிர்ந்திருந்தாலும் அழுத்தம் கூடும். குனிந்து தூக்குவதையும் உட்கார்ந்து எழுந்து தூக்குவதையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள், எல்லா இடத்துக்கும் இதுதான் சரி என்று ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அதனால் நான் பழக்கும்போது "முழங்கால்" என்று ஆரம்பிப்பதில்லை. "பெட்டியை உன் பக்கம் இழு" என்றுதான் ஆரம்பிப்பேன். பெட்டி வயிற்றுக்கு அருகே வந்துவிட்டால் கால் தானாக மடங்கும்.

அப்ப தரையில கிடக்குற பெட்டியை எப்படித்தான் எடுக்கிறது? விவரமா சொல்லுங்க.

கையை வைப்பதற்கு முன் எங்கே கொண்டுபோய் வைக்கப்போகிறோம் என்று பாருங்கள். வழியில் ஈரம், படி, கம்பி, மூடிய கதவு ஏதாவது இருக்கிறதா? கதவு மூடியிருந்தால் முதலில் அதைத் திறந்து வைத்துவிட்டு வாருங்கள். கையில் பாரத்தோடு, ஒற்றைக் காலால் கதவைத் தள்ளுகிற நேரத்தில் நிறையப் பேருக்கு இடுப்பு போகிறது.

பெட்டிக்கு மிக அருகே, தோள் அகலத்துக்குக் கால்களை விரித்து, ஒரு காலைச் சற்று முன்னால் வைத்து நில்லுங்கள். இடுப்பிலிருந்தும் முழங்காலிலிருந்தும் மடங்கி இறங்குங்கள். கைகளை எதிரெதிர் மூலைகளில் வையுங்கள், ஒரு கை அடியில் ஒரு மூலை, மறு கை அதற்குக் குறுக்கே மேல் மூலை. பெட்டி ஆடாமல் இருக்கும். விரல் நுனியால் பிடிக்காமல் உள்ளங்கை முழுக்கப் படும்படி பிடியுங்கள். பெட்டியைச் சுற்றிக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அது அறுந்தால் நீங்கள் பின்னால் விழுவீர்கள், அறாவிட்டால் விரலை வெட்டும்.

பெட்டியை உடம்போடு சேர்த்துக்கொண்டு, காலால் தரையை அழுத்தி எழுந்திருங்கள். வெடுக்கென்று பிடுங்கக் கூடாது, திடீரென்று இழுத்தால் அந்தக் கணத்தில் முதுகில் விழும் சுமை பெட்டியின் எடையை விட அதிகம். இறக்கி வைப்பதும் இதே முறைதான். தூக்கும்போது ஒழுங்காகச் செய்துவிட்டு, வைக்கும்போது குனிந்து பொத்தென்று விடுகிறவர்கள் அதிகம். முதலில் பெட்டியின் ஒரு ஓரத்தைத் தரையில் ஊன்றி, விரலை எடுத்துக்கொண்டு, பிறகு படுக்க விடுங்கள். விரல் நசுங்காது.

தூக்கிப் பார்க்காம எடை எப்படித் தெரியும்? ஸ்டிக்கர்ல போட்டிருக்கிறதை நம்பலாமா?

முழுக்க நம்ப வேண்டாம். கூரியர் ஸ்டிக்கரில் இருப்பது சில நேரம் உண்மையான எடையாக இருக்காது. பெரிய பெட்டி நிறைய இடத்தை அடைப்பதால், அதன் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து ஒரு எடை போடுவார்கள். கட்டணம் வாங்குவதற்கான எடை அது. தலையணைப் பெட்டிக்கு 12 கிலோ என்று இருக்கும், தூக்கினால் 3 கிலோகூட இருக்காது. கனம் என்று நினைத்து முழு பலத்தையும் போட்டு இழுத்தால் அதுவும் பின்னால் தள்ளும்.

தூக்குவதற்கு முன் ஒரு மூலையைக் கையால் மெல்லச் சாய்த்துப் பாருங்கள், அல்லது காலால் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். இரண்டு நொடி வேலை. எடை மட்டுமல்ல, எந்தப் பக்கம் கனமாக இருக்கிறது, உள்ளே ஏதாவது உருள்கிறதா, தண்ணீர் மாதிரி அலைகிறதா என்பதும் தெரியும். கனமான பக்கத்தை உங்கள் வயிற்றுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தூக்குங்கள். கேன்களில் திரவம் பாதி நிரம்பியிருந்தால் நடக்கும்போது அலைந்து உங்களையும் அலைக்கழிக்கும். அதற்கு நடை மெதுவாக இருக்க வேண்டும்.

வேனுக்குள்ள நிமிர்ந்து நிக்க முடியாது, கையும் எட்டாது. அங்க எப்படி சார் ஒழுங்கா தூக்கிறது?

அங்கே ஒழுங்காகத் தூக்க முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். வேனுக்குள் தூக்கும் வேலையையே குறைக்க வேண்டும், அதற்கு லோடு ஏற்றும்போதே யோசிக்க வேண்டும். கடைசியாக இறக்கப் போவது முதலில் உள்ளே போகட்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கனமான பெட்டிகளைக் கதவுக்குப் பக்கத்தில், வேன் தரையிலேயே வையுங்கள். வெளியே தரையில் நின்றால் வேன் தரை பல வண்டிகளில் உங்கள் தொடை உயரத்துக்கு வரும். பெட்டியை விளிம்பு வரை இழுத்து, அங்கிருந்து அணைத்து எடுத்துவிடலாம். அந்த உயரத்தில் முதுகு அதிகம் மடங்க வேண்டியதில்லை. மேல் தட்டுகளுக்குக் கடித உறைகளும் இலேசான பொட்டலங்களும் போதும்.

மிகக் கனமான பெட்டி கடைசி வீட்டுக்கு என்றால், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் தடுப்போடு ஒட்டித் தரையில் வைத்து, பட்டை போட்டுக் கட்டுங்கள். பிரேக் அடிக்கும்போது கட்டாத பெட்டி முன்னால் பாயும். உள்ளே இருப்பதை எடுக்க வேண்டியபோது, நின்று குனிவதை விட ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, பெட்டியைத் தள்ளியோ சறுக்கியோ கதவு வரை கொண்டு வாருங்கள். நீண்ட கைப்பிடி வைத்த கொக்கி ஒன்று வண்டியில் இருந்தால் எட்டி எடுக்கும் வேலையே பாதி குறையும்.

வேனிலிருந்து குதிப்பதை விட்டுவிடுங்கள். உடம்பு எடையைப் போலப் பல மடங்கு விசை முழங்காலிலும் முதுகிலும் அடிக்கிறது. இரண்டு கால், ஒரு கை, அல்லது இரண்டு கை, ஒரு கால் எப்போதும் வண்டியைத் தொட்டிருக்கும்படி, வண்டியைப் பார்த்தபடி இறங்குங்கள். பெட்டியை முதலில் விளிம்பில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு இறங்கி, பிறகு எடுங்கள்.

திரும்பக் கூடாதுன்னா பின்னால எப்படி வைக்கிறது?

காலை நகர்த்துங்கள். மூக்கும் பாதமும் ஒரே பக்கம் பார்த்தால் சரியாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம். எடுக்கும் இடத்துக்கும் வைக்கும் இடத்துக்கும் நடுவே இடம் குறைவாக இருக்கும்போதுதான் கால் நிற்க, இடுப்பு மட்டும் திரும்புகிறது. ட்ராலியை ஓரடி தள்ளி நிறுத்துங்கள். நடுவே ஓர் எட்டு எடுத்து வைக்கும் இடம் கிடைத்தால் கால் தானாக நகரும்.

வண்டியை நிறுத்தி இறங்கின உடனே தூக்கும்போதுதான் சுருக்குன்னு வலிக்குது. ஏன்?

நெடுநேரம் கூனி உட்கார்ந்து ஓட்டினால் முதுகின் பின்பக்கத் தசைநார்கள் இழுபட்டுத் தளர்ந்துவிடும். இறங்கிய உடனே அவை பழைய நிலைக்கு வராது. தசைகளும் உடனே பிடிப்புக் கொடுக்காது. அந்த நேரம் பார்த்து ஒரு பெட்டியைக் குனிந்து இழுத்தால் வலிக்காமல் என்ன செய்யும்? ஸ்கேன் செய்வது, முகவரி பார்ப்பது, கதவைத் தட்டுவது போன்ற வேலைகளை முதலில் செய்யுங்கள். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, மெதுவாகப் பின்னால் இரண்டு மூன்று முறை சாயுங்கள். பிறகு பெட்டி.

காலை நேரத்துக்கும் இதைச் சொல்ல வேண்டும். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பின் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் எல்லாரும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது இதனால்தான். உப்பிய வட்டு குனியும்போது அதிக அழுத்தத்துக்கு ஆளாகிறது. எழுந்து கொஞ்ச நேரத்திலேயே லோடு ஏற்றப் போகிறவர்கள், முதலில் இலேசான பெட்டிகளை ஏற்றிவிட்டுப் பிறகு கனமானவற்றைத் தொடுவது நல்லது.

இடுப்பு பெல்ட் போட்டுக்கிட்டா பயமில்லாம தூக்கலாம்ல?

அந்தப் பயமில்லாமைதான் எனக்குப் பயம். 2000-ஆம் ஆண்டில் நியோஷ் ஆய்வாளர்கள் 160 சில்லறை விற்பனைக் கடைகளில் சரக்கு தூக்கும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தினமும் பெல்ட் போட்டவர்களுக்கும் எப்போதாவது போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் முதுகு வலியிலோ, முதுகுக் காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கையிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பெல்ட் உங்கள் சக்தியைக் கூட்டுவதில்லை, ஆனால் கூடிவிட்ட மாதிரி நினைக்க வைக்கிறது. மருத்துவர் ஏதாவது காரணத்துக்காகப் போடச் சொல்லியிருந்தால் அது வேறு, அவர் சொன்னபடி போடுங்கள்.

பெல்ட் வாங்கும் பணத்தில் வழுக்காத அடி உள்ள, விரல் பகுதியில் கடினக் காப்பு வைத்த காலணியும், ரப்பர் பூசிய கையுறையும் வாங்குங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். கையுறை தொளதொளவென்று இருக்கக் கூடாது.

மூச்சை அடக்கிக்கிட்டுத் தூக்கினா தெம்பு வருதே?

வரும். வயிற்றுக்குள் அழுத்தம் கூடி முதுகெலும்புக்கு ஒரு தாங்கல் கிடைக்கிறது. பளு தூக்குகிறவர்கள் அதனால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அதே நேரத்தில் இரத்த அழுத்தமும் குபீரென்று ஏறும். இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் இருப்பவர்களுக்கு அது ஆபத்து. நாள் முழுக்கத் தூக்குகிற வேலைக்கு மூச்சை அடக்குவது பொருந்தாது. எழுந்திருக்கும்போது மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். வயிற்றைச் சற்று இறுக்கிக்கொண்டால் போதும். மூச்சை அடக்காமல் தூக்கவே முடியாத பெட்டி என்றால், அதைத் தனியாகத் தூக்கக் கூடாது.

ட்ராலி இருக்கு. தள்ளணுமா, இழுக்கணுமா?

பொதுவாகத் தள்ளுங்கள். உடம்பின் எடையைச் சாய்த்துத் தள்ள முடியும், வழியும் தெரியும், சக்கரம் குதிகாலில் ஏறாது. இழுக்கும்போது ஒரு கை பின்னால் போய் உடம்பு திருகிக்கொள்கிறது. நடைபாதை விளிம்பு மாதிரி சின்ன மேட்டிலோ சரிவிலோ ஏற்ற மட்டும் திரும்பி நின்று இரண்டு கையாலும் இழுக்கலாம்.

இரண்டு சக்கர ட்ராலியில் கனமானது அடியில், சக்கரத்தை ஒட்டி இருக்க வேண்டும். சாய்க்கும்போது பாரம் தானாகச் சமநிலைக்கு வந்து நிற்கும் ஒரு கோணம் உண்டு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் கையில் கனமே தெரியாது. கனம் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சாய்க்க வேண்டும் அல்லது நிமிர்த்த வேண்டும். அடுக்கு உங்கள் கண்ணை மறைக்கக் கூடாது. சரிவில் நீங்கள் எப்போதும் மேல் பக்கம், பாரம் கீழ்ப் பக்கம். கை நழுவினால் அது உங்கள் மேல் வராது. ட்ராலியை இறக்கி ஏற்ற ஒரு நிமிடம் ஆகிறதே என்று வெறுங்கையால் தூக்கி ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது.

மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என்ன பண்றது?

முதலில் கீழே நின்று போன் போடுங்கள். வீட்டில் ஆள் இருக்கிறதா, மாடி வரை ஏற்றித் தரும் சேவைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் இல்லாத வீட்டுக்குப் பாரத்தோடு ஏறி இறங்குவது இரட்டை வேலை. படிக்கட்டை ஒருமுறை வெறுங்கையோடு ஏறிப் பாருங்கள், எங்கே விளக்கு இல்லை, எங்கே வளைவு குறுகல் என்று தெரியும்.

ஒரு கை கைப்பிடிச் சுவருக்கு வேண்டும். இரண்டு கையும் தேவைப்படுகிற, காலடியை மறைக்கிற பெட்டி என்றால் தனியாகப் படியேறாதீர்கள். பிரிக்க முடிந்தால் பிரித்து இரண்டு நடையாகக் கொண்டு போங்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் சுவரோரத் திட்டு, ஜன்னல் விளிம்பு என்று இடுப்பு உயரத்தில் ஏதாவது இருந்தால் அதன் மேல் வைத்து மூச்சு வாங்குங்கள். தரையில் வைத்தால் மறுபடி தரையிலிருந்து தூக்க வேண்டும்.

தோள்ல வெச்சுக்கிட்டா ஈசியா இருக்கே?

நீளமான குழாய், சுருட்டிய விரிப்பு போன்றவற்றுக்கு அது சரி. பாரம் உடம்பின் நடுக்கோட்டுக்கு அருகே வருவதால் நடப்பதற்கு இலகு. சிக்கல் ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான். தோள் உயரத்துக்குக் கொண்டுபோகும் அந்த ஒரு தூக்கலில் முதுகும் தோள்மூட்டும் சேர்ந்து அடி வாங்கும். வேன் தரையிலிருந்து நேரே தோளுக்கு மாற்றிக்கொள்ள முடிந்தாலோ, இன்னொருவர் எடுத்துக் கொடுத்தாலோ செய்யலாம். ஒரே தோளில் வைக்காமல் மாற்றி மாற்றி வையுங்கள்.

ரெண்டு பேர் சேர்ந்து தூக்கினா ஆளுக்குப் பாதிதானே?

இல்லை. இரண்டு பேர் சேர்ந்தால், தனித்தனியே தூக்கக்கூடிய எடைகளின் கூட்டுத்தொகையில் மூன்றில் இரண்டு பங்குதான் பாதுகாப்பாகத் தூக்க முடியும் என்று பிரிட்டன் வழிகாட்டி சொல்கிறது. மூன்று பேர் என்றால் பாதிதான். ஒருவர் முந்தி, ஒருவர் பிந்தித் தூக்குவதில் மீதி வீணாகிறது.

அதனால் ஒருவர் மட்டும் குரல் கொடுக்க வேண்டும். யார் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். "மூணு" சொல்லும்போது தூக்குவதா, சொல்லி முடித்த பிறகா என்பதையும் சேர்த்து. உயரம் ஒத்த இருவராக இருந்தால் நல்லது. படியில் கீழே நிற்பவர் மேல் அதிகப் பாரம் இறங்கும், பலம் உள்ளவர் அங்கே நிற்கட்டும். பின்னால் நடக்கிறவருக்கு முன்னால் இருப்பவர் கண்ணாக இருந்து, "படி", "வாசல்", "ஈரம்" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். உதவிக்கு வரும் வாடிக்கையாளரை நம்பித் தூக்காதீர்கள். அவர் பாதியில் விட்டுவிட்டால் இருவருக்கும் அடிபடும்.

வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் மாதிரி வந்தா?

இரண்டு பேர், பட்டை வைத்த ட்ராலி. இவை இரண்டும் இல்லாவிட்டால் தொடக் கூடாது. முன்பக்கக் கதவு உள்ள வாஷிங் மெஷினுக்குள் அதிர்வை அடக்கக் கான்கிரீட் கட்டி வைத்திருப்பார்கள். மொத்தம் 60 முதல் 80 கிலோ வரை வரும். அந்தக் கட்டியால் கனம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், சாய்க்கும்போது எதிர்பாராத பக்கம் புரளும். ஃபிரிட்ஜுக்குக் கம்ப்ரெஸர் பின்பக்கம் அடியில் இருக்கிறது, கனம் அங்கே. இரண்டையும் நிமிர்த்தியே கொண்டு போங்கள். கதவைப் பிடித்துத் தூக்கக் கூடாது.

கை நழுவிடுச்சுன்னா சட்டுன்னு பிடிச்சுடணுமா?

விட்டுவிடுங்கள். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு விலகுங்கள். விழுகிற பொருளைப் பாய்ந்து பிடிக்கும்போது முதுகு ஒரே நேரத்தில் குனியும், திரும்பும், திடீர்ச் சுமையையும் தாங்கும். இரண்டாவது பதிலில் சொன்ன எல்லாத் தப்பும் ஒரு நொடிக்குள் நடந்துவிடும். உடைந்த பொருளுக்குப் புகார் எழுதலாம், இழப்பீடு பேசலாம். இது கை தன்னால் செய்கிற காரியம் என்பதால், முன்கூட்டியே மனதில் தீர்மானித்து வைத்திருந்தால்தான் விட முடியும்.

நான் பைக்ல போறேன். எனக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. முதுகில் மாட்டும் பையை இரண்டு தோளிலும் மாட்டி, இடுப்புப் பட்டை இருந்தால் அதையும் பூட்டிக்கொள்ளுங்கள். கனமான பொட்டலம் பைக்குள் முதுகை ஒட்டி இருக்க வேண்டும், ஓரத்தில் இருந்தால் பை பின்னால் இழுக்கும். கனம் அதிகமானால் முதுகில் சுமப்பதை விட, பின்னிருக்கையில் பெட்டி கட்டி அதில் வைப்பது நல்லது. ஹேண்டிலில் கனமான பையைத் தொங்கவிட்டால் வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. பையை மாட்டும்போது தரையிலிருந்து ஒரே வீச்சில் தோளுக்கு வீசாமல், இருக்கை மேல் வைத்துத் திரும்பி நின்று மாட்டிக்கொள்ளுங்கள்.

நான் ஜிம்முக்குப் போறவன். எனக்குப் பழக்கம்தானே?

பலம் இருப்பது நல்லது, உதவும். ஆனால் ஜிம்மில் கம்பி கைக்கு அடக்கமாக இருக்கிறது, எடை தெரியும், தரை சமம், இரண்டு முறைக்கு நடுவே ஓய்வு உண்டு. பார்சலில் இது எதுவும் கிடையாது. பலசாலிகள் துணைக்கு ஆள் கேட்கக் கூச்சப்படுவதையும் பார்க்கிறேன். அந்தக் கூச்சம் வேண்டாம் தம்பி.

அண்ணா, நான் மூணு மாசம் கர்ப்பமா இருக்கேன். வேலை பார்க்கலாமா?

முதலில் மருத்துவரிடம் போய், எத்தனை கிலோ, ஒரு மணிக்கு எத்தனை முறை, எந்த உயரத்திலிருந்து தூக்குகிறீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். "டெலிவரி வேலை" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் புரியாது. வயிறு வளர வளரப் பாரம் முதுகிலிருந்து தள்ளிப் போகும், சமநிலையும் மாறும். நேற்றுத் தூக்கிய அதே பெட்டி மாதம் செல்லச் செல்ல அதிகச் சுமையாகும். தரையிலிருந்து தூக்குவதையும் தலைக்கு மேல் தூக்குவதையும் முதலில் நிறுத்துங்கள். மருத்துவர் எழுதிக் கொடுப்பதை மேற்பார்வையாளரிடம் எழுத்தாகவே கொடுத்துவிடுங்கள் அம்மா.

இடுப்பு பிடிச்சுக்கிச்சு. படுத்தே கிடக்கணுமா?

வேண்டாம். பெரும்பாலான இடுப்புப் பிடிப்புகள் சில வாரங்களில் தானாகச் சரியாகும். நாள்கணக்கில் படுத்துக் கிடப்பதை விட, வலி பொறுக்கும் அளவுக்கு நடந்துகொண்டிருப்பதுதான் சீக்கிரம் குணமாக உதவும். கனம் தூக்குவதை மட்டும் நிறுத்திவைத்து, பிறகு இலேசானதில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு அன்றைக்கே லோடு இறக்காதீர்கள், மாத்திரை எச்சரிக்கையை மறைத்துவிடும்.

சிலவற்றுக்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, சிறுநீர் வராமலே போவது, இரண்டு கால்களும் பலம் இழப்பது, சைக்கிள் இருக்கை படும் பகுதியில் மரத்துப் போவது. முதுகெலும்பின் அடியில் நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறிகள் இவை. உடனே மருத்துவமனை. தூக்கும்போது நெஞ்சு இறுக்கி, கை அல்லது தாடைக்கு வலி பரவி, வியர்த்துக் கொட்டினால் அது முதுகு அல்ல, இதயமாக இருக்கலாம். அதற்கும் உடனே ஓட வேண்டும். வலி ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே வரை இறங்கினாலோ, கவட்டைப் பக்கம் புடைப்புத் தெரிந்தாலோ, அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள்.

இத்தனையும் பார்த்தா நேரம் எங்க இருக்கு? டார்கெட் முடியாது.

நியாயமான கேள்வி. இந்த வேலையில் நேரம் உண்மையிலேயே குறைவு, அதை ஓட்டுநரின் தப்பாக நான் நினைக்கவில்லை. ஆனால் இதில் பாதி விஷயம் நேரம் எடுப்பதில்லை. கனமானதைக் கதவோரம் வைப்பது நேரத்தை மிச்சம் பிடிக்கும். மூலையைச் சாய்த்துப் பார்ப்பது இரண்டு நொடி. இறங்கியதும் முதலில் ஸ்கேன், பிறகு தூக்கு என்பது வரிசையை மாற்றுவது மட்டும்தான். நேரம் கேட்பவை ட்ராலியும் துணைக்கு ஆள் வரக் காத்திருப்பதும். அவற்றை மிகக் கனமான சில பெட்டிகளுக்காவது விட்டுக்கொடுக்காதீர்கள். நாளின் கடைசி மணி நேரத்தில் இன்னும் கவனம் வேண்டும். களைத்த தசை தாமதமாகத்தான் பிடிப்புக் கொடுக்கும். தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடித்துக்கொண்டிருங்கள்.

கனமா இருக்கு, தூக்க மாட்டேன்னு சொன்னா வேலை போயிடுமோ?

இந்தப் பயத்தால் பேசாமல் தூக்கிவிடுகிறவர்களே அதிகம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967-ஆம் ஆண்டு 127-ஆவது உடன்படிக்கை, எடையின் காரணமாக உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரக்கூடிய பாரத்தைச் சுமக்கும்படி எந்தத் தொழிலாளியையும் பணிக்கவோ அனுமதிக்கவோ கூடாது என்கிறது. அதோடு வந்த பரிந்துரை, வயது வந்த ஆண் ஒருவர் சுமக்கும் உச்ச எடையாக 55 கிலோவைக் குறிக்கிறது. அந்த எண் பழைய காலத்தது, முதல் பதிலில் உள்ளவற்றோடு ஒப்பிட்டால் மிக அதிகம். உங்கள் நாடு அந்த உடன்படிக்கையை ஏற்றிருக்கிறதா, உங்கள் ஒப்பந்தத்தில் எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சொல்லும் விதமும் முக்கியம். "முடியாது" என்று நிறுத்தினால் அது சண்டையாகத் தெரியும். "இது 40 கிலோ, மாடிப்படி, ட்ராலி ஏறாது, இன்னொரு ஆள் அனுப்புங்க, இல்லேன்னா நாளைக்கு ரெண்டு பேரா வர்றோம்" என்று எடை, இடம், மாற்று வழி மூன்றையும் சேர்த்துச் சொன்னால் மேற்பார்வையாளரும் மேலே பதில் சொல்ல முடியும். போனில் சொன்னாலும் பிறகு செய்தியாக அனுப்பிவையுங்கள், பெட்டியின் படமும் ஸ்டிக்கரும் தெரியும்படி. வலி வந்தாலும் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்துச் சொன்னால் வேலையில்தான் வந்தது என்று நிரூபிப்பது கஷ்டம். ஒரே முகவரிக்கு, ஒரே கடையிலிருந்து தொடர்ந்து இப்படிக் கனமான பெட்டி வந்தால், நாலைந்து ஓட்டுநர்கள் சேர்ந்து சொல்லுங்கள். தனி ஆளாகச் சொன்னால் குறையாகக் கேட்கும், நாலு பேர் சொன்னால் அந்த முகவரிக்கு இரண்டு ஆள் போடுவார்கள்.